ஏழு எழுத்துக்குப் பின்

மார்ச் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் அப்படியே என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குத் தாவ மாட்டேன். முழங்கால் வலி எப்படி இருக்கிறது, குளிர் அறைக்குள் போகும்போது அந்தக் கனத்த கோட்டைப் போடுகிறாயா, ராத்திரி சமைக்கிறாயா இல்லை ரொட்டியோடு முடித்துக்கொள்கிறாயா என்று தனித்தனியாகப் பதில் வேண்டும்.

காகிதத்தில் எழுதுகிறேனே என்று ஆச்சரியப்படாதே. போனில் நீ பேசுவது மொத்தமே மூன்று சொல்: "ம்", "சரி", "வெச்சிடட்டுமா". கம்பெனி மெயிலில் எழுதலாம் என்றால், அதை யார் யார் திறந்து படிக்க முடியும் என்று எனக்குத் தெரியும். முதல் ஆள் நான்தான். இங்கே கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். போன மாதத்திலிருந்து மொத்தமும் என் தலையில். உனக்கு மீன் பெட்டிகளுக்கான குளிர் அறை, எனக்கு இயந்திரங்களுக்கான குளிர் அறை. நானும் இப்போது ஸ்வெட்டரோடுதான் வேலை பார்க்கிறேன்.

ஒரு வேலையாகத்தான் எழுதுகிறேன். எல்லாக் கிளைகளிலும் எல்லாரும் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் என்று சுற்றறிக்கை வந்ததே, பார்த்தாயா? மாற்றாதவர்களில் நீயும் ஒருவன். மற்றவர்கள் சோம்பேறிகள். நீ சோம்பேறி இல்லை, அதனால் விளக்கிச் சொல்கிறேன்.

நீ காலையில் அடிக்கும் சொல்லைக் கணினி அப்படியே வைத்துக்கொள்வதில்லை. அதை அரைத்து மாவாக்கி, அந்த மாவை மட்டும் ஒரு வரியாகச் சேர்த்து வைக்கிறது. மாவிலிருந்து தானியத்தைத் திரும்ப எடுக்க முடியாது என்பதுதான் நம்பிக்கை. ஆனால் நம்மிடம் இருப்பது ஒரு தலைமுறைக்கு முந்தைய அரைவை. சின்ன எழுத்தையெல்லாம் பெரிய எழுத்தாக்கிவிடும். பிறகு முதல் ஏழு எழுத்தைத் தனியாக அரைக்கும், மிச்சத்தைத் தனியாக அரைக்கும். முழுச்சொல்லை உடைப்பது கஷ்டம், இரண்டு பாதியாகக் கொடுத்தால் இயந்திரத்துக்குச் சிரிப்பு. இன்னொன்று, அரைக்கும்போது ஆளுக்கு ஆள் வேறு வேறாக ஒரு சிட்டிகை எதையாவது கலந்துவிட வேண்டும். எங்கள் தொழிலில் அதற்கு உப்பு என்றே பெயர். பழைய முறையில் அது கிடையாது. அதனால் இரண்டு பேர் ஒரே சொல்லை வைத்திருந்தால் இரண்டு பேருக்கும் ஒரே மாவு, ஒரே வரி. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று இதைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள் போல.

பழைய முறையை நான் நிறுத்திவிட்டேன். ஆனால் ஒவ்வொருவரும் புதிதாக மாற்றும்போதுதான் அவரவருடைய பழைய வரி அழியும். அதனால் மாற்றிவிடு. என்ன சொல் வைத்திருக்கிறாய் என்று கேட்கவில்லை. கேட்கவும் கூடாது.

பதிலுக்குக் காத்திருக்கும்,
தங்கை

மார்ச் 23

அன்புள்ள தங்கைக்கு,

முழங்கால் பரவாயில்லை. கோட்டுப் போடுகிறேன். ரொட்டிதான், சில நாள் முட்டையும் உண்டு. உன் கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்லிவிட்டேன்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அரைவை, உப்பு என்று நீ எழுதியது புரிந்தது. சின்ன வயதில் ரேடியோவைப் பிரித்துப் போட்டுவிட்டு எங்களை உட்காரவைத்துப் பாடம் எடுப்பாயே, அதே தோரணை. அன்றைக்கு அந்த ரேடியோ திரும்பப் பாடவில்லை என்பதையும் நினைவூட்டுகிறேன்.

இங்கே பூட்டு சரியாகத்தான் இருக்கிறது. காலையில் அடிக்கிறேன், திறக்கிறது. இந்தக் கிடங்கில் திருட வருகிறவன் மீனைத்தான் திருடுவான், என் பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறான்? வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும் என்று விதி இருக்கிறது. அதன்படி மாற்றிக்கொண்டுதான் வருகிறேன். இந்த வருடத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். ஸ்வெட்டரை வாரத்துக்கு ஒரு முறையாவது துவை.

அண்ணன்

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். ஸ்வெட்டரைத் துவைத்துவிட்டேன். ரேடியோ பாடாமல் போனது பேட்டரியால்தான், அதை ஒரு நாள் நிரூபிப்பேன்.

நீ எழுதியதைப் படித்ததும் சிரிப்பு வந்தது, பிறகு கவலை வந்தது. பிடிவாதத்தில் நீ அம்மாவை மாதிரி. சரி, இன்னும் பச்சையாகவே சொல்கிறேன்.

ஜூலை பதினெட்டாம் தேதி வெளியிலிருந்து சோதனைக்காரர்கள் வருகிறார்கள். எங்கள் பூட்டு எவ்வளவு உறுதி என்று பார்க்க, அவர்களே திருடன் வேஷம் போட்டுத் திறந்து பார்ப்பார்கள். பழைய வரிகள் மிச்சம் இருந்தால் ஒவ்வொன்றையும் உடைப்பார்கள். உடைந்த சொற்களையெல்லாம் கூட்டத்தில் சுவரில் பெரிதாகப் போட்டுக் காட்டுவார்கள், ஆள் பெயரோடு. அதைப் பார்த்தால்தான் நிர்வாகத்துக்கு உறைக்குமாம்.

போன வருடம் இன்னொரு கம்பெனியில் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் மேனேஜரைத் திட்டி ஒரு சொல் வைத்திருந்தார். ஒரு பெண் யாரோ ஒருவருடைய பேரை வைத்திருந்தாள். அறை முழுக்கச் சிரித்தது. "யாரும்மா இது, சொல்லவே இல்லையே?" என்று ஒருவர் கேட்டார். அந்தப் பெண் எதிரில் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன் என்பதுதான் இப்போது உறுத்துகிறது.

எல்லாரும் எட்டு எழுத்தாவது வைக்க வேண்டும் என்று எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு விதி போட்டிருந்தார். ஊரே ஒரு ஏழெழுத்துச் சொல்லை எடுத்து அதன் வாலில் ஓர் எண்ணை ஒட்டிவிட்டது. அந்த எண் மட்டும் இரண்டாவது பாதியில் தனியாக உட்கார்ந்திருக்கும், திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி. அதை உடைக்க இயந்திரத்துக்குக் கண் இமைக்கும் நேரம் போதும்.

புதிய முறையில் ஒரு முழு வாக்கியமே வைக்கலாம். உனக்குப் பிடித்த எதையாவது நீளமாக வை. தயவுசெய்து அதற்கு முன்னால் மாற்றிவிடு.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
தங்கை

மே 10

அண்ணா,

கடிதம் கிடைத்ததா? ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. எனக்குச் சுகம் இல்லை, ஆனால் உடம்பில் ஒன்றுமில்லை.

நேற்று பொறுக்காமல் உன் கிடங்குக்குப் போன் போட்டேன். எடைமேடையில் இருப்பவர் எடுத்தார். "சார் உள்ளதான்மா இருக்காரு. நல்லாத்தான் இருக்காரு. கூப்பிடட்டுமா?" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கூப்பிட்டால் நீ வந்து "ம்" என்பாய். அதற்கு, நீ உள்ளே இருக்கிறாய் என்று இன்னொருவர் சொல்லிக் கேட்பதே பரவாயில்லை.

நான் நினைத்தால் இங்கே உட்கார்ந்தபடியே உன் பாஸ்வேர்டை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைத்துவிட முடியும். மற்ற கிளைகளில் அடம்பிடித்த சிலருக்கு அப்படித்தான் செய்தேன். உனக்குச் செய்யவில்லை. ஒரு காலையில் நீ வந்து கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு அந்தச் சொல்லை அடிக்கும்போது "தவறு" என்று திரை சொல்வதை நான் செய்ய மாட்டேன். ஏன் என்று கேட்காதே.

இரண்டு வரியாவது எழுது.

தங்கை

மே 27

அன்புள்ள தங்கைக்கு,

நன்றாக இருக்கிறேன். எழுதாமல் இருந்ததற்குக் காரணம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மேஜையில் உட்காருவேன், தேதி போடுவேன், பிறகு கம்ப்ரெஸர் சத்தம் மாறினாற்போல் இருக்கும், எழுந்து போய்விடுவேன். தேதி மட்டும் போட்ட தாள் நிறைய இருக்கிறது.

நீ போன் செய்ததை எடைமேடைக்காரர் சொன்னார். "உங்களுக்குத் தங்கச்சி இருக்காங்கன்னே எனக்குத் தெரியாதே சார்" என்றார். நானும் அவரும் இத்தனை வருடம் ஒரே தேநீர்ப் பாத்திரத்திலிருந்து குடித்துக்கொண்டிருக்கிறோம். அவர் நல்ல மனிதர், நான்தான் எதையும் சொல்லவில்லை.

ஒன்று கேட்கிறேன். கம்பெனியில் நூற்றுக்கணக்கான பேர். மற்றவர்களுக்கு நீ போட்டது ஒரு சுற்றறிக்கை. எனக்கு மட்டும் காகிதம், உறை, தபால்தலை. என் சொல்லைச் சுவரில் போட்டால் யாரோ சிரிப்பார்கள் என்று உனக்கு எப்படித் தோன்றியது? நான் "மீன்பெட்டி" என்று வைத்திருந்தால் யார் சிரிக்கப் போகிறார்கள்?

என் சொல்லைப் பார்த்துவிட்டாயா?

அண்ணன்

ஜூன் 6

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சௌக்கியம். சமையலறைக் குழாய் மட்டும் சொட்டுகிறது. அடியில் ஒரு வாளி வைத்திருக்கிறேன். ராத்திரியில் அந்தச் சத்தம் ஒருவிதத் துணையாக ஆகிவிட்டதால், குழாய்க்காரரைக் கூப்பிடாமல் நாளைக் கடத்துகிறேன். இதை வேறு யாரிடம் சொன்னாலும் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

நீ கேட்டதற்குப் பதில்: இல்லை. உன் சொல்லை நான் உடைக்கவில்லை. உடைக்கும் கருவி என் மேஜையில்தான் இருக்கிறது, ஒரு வாய் தேநீர் குடித்து முடிப்பதற்குள் முடிந்துவிடும். தொடவில்லை. அம்மா மேல் ஆணையாக என்று எழுதலாம், அவள் இல்லாதபோது அவள்மேல் ஆணையிடுவதில் என்ன இருக்கிறது. என் மேல் ஆணை.

நான்

மேலே 'நான்' என்று தொடங்கிவிட்டு அடித்துவிட்ட வரியை வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க முயலாதே. பேனாவை அழுத்தித்தான் அடித்திருக்கிறேன்.

எடைமேடைக்காரருக்கு என் வணக்கத்தைச் சொல். அவரிடம் இனிமேலாவது பேசு.

தங்கை

ஜூன் 24

அன்புள்ள தங்கைக்கு,

உடம்பு சுகம். நீ சொன்னபடி வெளிச்சத்தில் பிடிக்கவில்லை. அதற்குப் பதில் உன் முதல் கடிதத்தை எடுத்துத் திரும்பப் படித்தேன். சொல்லிக்கொடுக்கும்போது உனக்குக் கை நிற்காது, தேவைக்கு மேலேயே சொல்லிவிடுவாய். அன்றைக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாய்.

இரண்டு பேர் ஒரே சொல்லை வைத்திருந்தால் ஒரே வரி வரும் என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் உடைக்காமலே ஒருவருடைய சொல் தெரிந்துபோக ஒரே ஒரு வழி இருக்கிறது. பார்க்கிறவரும் அதே சொல்லை வைத்திருக்க வேண்டும்.

நான் மீனை எண்ணுகிறவன், கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் இந்தக் கணக்கு எனக்கு வருகிறது. மூன்று நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். வேறு விடை இல்லை.

நீயும் சுண்டெலி என்றுதான் வைத்திருக்கிறாய்.

இந்தப் பேரைக் காகிதத்தில் எழுதிப் பத்து வருடம் ஆகிறது. எழுதிவிட்டு எழுந்து வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன். ஆங்கில எழுத்தில் அடித்தால் சரியாக ஏழு. நீ சொன்ன முதல் பாதி அதோடு முடிந்துபோகிறது, இல்லையா? நமக்கு அதுவரைக்கும்தான் ஒன்றாக இருந்திருக்கும். அதற்குப் பின்னால் நான் வைத்திருப்பது உனக்குத் தெரியாது.

நீங்கள் எல்லாரும் என் மகளை மறந்துவிட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கோபத்தில் சொல்லவில்லை. நான் வீட்டுக்கு வரும்போதெல்லாம் விலைவாசி, மழை, பக்கத்து வீட்டுக்காரர் என்று எல்லாம் பேசுவீர்கள். ஒருவர் வாயிலும் அவள் பேர் வராது. சுவரில் அவள் போட்டோ இருந்த இடத்தில் காலண்டர். சரி, உயிரோடு இருப்பவர்கள் வாழ வேண்டும்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வருவதைக் குறைத்தேன். அப்புறம் இந்தக் கிளைக்கு மாற்றல் கேட்டு வாங்கினேன். அவளுடைய அம்மாவும் வேறு வாழ்க்கை அமைத்துக்கொண்டாள். ஒரு பையன் இருக்கிறானாம், நன்றாக இருக்கட்டும்.

காலையில் வந்ததும் கையுறையைக் கழற்றிவிட்டு அடிப்பேன். எனக்கு ஒரு நாளில் அவளைக் கூப்பிடக் கிடைப்பது அந்த ஒரு தடவைதான். வாயால் கூப்பிட இங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. அதனால்தான் மாற்றவில்லை. இதற்குமேல் இப்போது எழுத வரவில்லை.

அண்ணன்

ஜூலை 1

என் அண்ணனுக்கு,

நான் எப்படி இருக்கிறேன் என்று எழுதினால் பொய்யாகிவிடும். கடிதத்தை அலுவலகத்திலேயே பிரித்துவிட்டேன். எழுந்து இயந்திர அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அங்கே இருக்கும் இரைச்சலில் யாருக்கும் கேட்காது.

ஆமாம். இனி மறைக்க மாட்டேன். பிப்ரவரியில் ஒரு நாள், யார் யார் ஒரே சொல்லை வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க, எல்லா வரிகளையும் முதல் பாதியை வைத்து அடுக்கினேன். பாதிப் பேர் கம்பெனி பெயரையே வைத்திருந்தார்கள், சிரித்துக்கொண்டே கீழே வந்தேன். திடீரென்று என் பெயர். அதற்கு நேர் கீழே உன் பெயர். முதல் பாதி எழுத்துக்கு எழுத்து ஒன்று. கம்பெனியில் வேறு யாருக்கும் அந்த வரி இல்லை. நீ அவளை மனதிலிருந்தே எடுத்துப் போட்டுவிட்டாய் என்று நான் நினைத்திருந்தேன், அண்ணா. நீ ஒரு முறைகூட அவள் பேரைச் சொன்னதில்லை. கல் நெஞ்சு என்று உன்னை ஏசியிருக்கிறேன், வாய்விட்டே.

அம்மாதான் சொன்னாள். "அவன் முன்னாடி புள்ள பேரை எடுக்காதீங்க, தாங்க மாட்டான்." காலண்டரை மாட்டியதும் அவள்தான். நீ வருகிறாய் என்று தெரிந்ததும் மாட்டுவாள், நீ போனதும் கழற்றிவிட்டுப் போட்டோவை மாட்டுவாள். நீ பார்த்தது காலண்டர் மட்டும். நீ சொல்லட்டும் என்று நாங்கள் இருந்தோம், நாங்கள் சொல்லட்டும் என்று நீ இருந்தாய். இப்படி ஒரு பைத்தியக்காரத்தனத்தை நம் குடும்பம்தான் பத்து வருடம் செய்யும். அம்மா போன பிறகாவது நான் அந்த விதியை உடைத்திருக்கலாம். பழக்கத்தில் காத்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

அவளுக்கு அந்தப் பேரை வைத்தது நான்தான், நினைவிருக்கிறதா? பிஸ்கட்டின் ஓரத்தை மட்டும் சுற்றிலும் கொறித்துவிட்டு நடுவை டப்பாவிலேயே திரும்ப வைத்துவிடுவாள். விருந்தாளிகளுக்குத் தட்டில் வைத்தால் எல்லாம் நாணயம் அளவுக்கு இருக்கும். "யாரு கடிச்சது?" என்று கேட்டால், "நான் கடிக்கல அத்தை, அது தேஞ்சு போச்சு" என்பாள்.

ஊருக்கு உபதேசம் செய்யும் நான் என் பாஸ்வேர்டை மாற்றவில்லை. விதியைப் போட்டதே நானாகையால் எனக்கு மட்டும் விலக்கு எழுதிக்கொண்டேன். வருடா வருடம் மாற்றும் விதியிலிருந்தும் என்னை எடுத்துவிட்டேன். காரணம் கேட்டால் வெட்கமாக இருக்கிறது. மாலையில் எல்லாரும் போன பிறகு அந்தத் திரையைத் திறந்து, என் வரியும் உன் வரியும் ஒன்றின்கீழ் ஒன்றாக இருப்பதைப் பார்ப்பேன். வீட்டுக்குப் போனால் குழாய்ச் சத்தம்தான். இங்கே நீ பக்கத்தில் இருந்தாய்.

ஏழு எழுத்துக்குப் பின் என்னுடையது ஆறு. அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது இருந்த வயது. உன்னுடையதை நான் கேட்கவில்லை. ஆனால் சோதனைக்காரர்களுக்கு அது ஒரு நொடி வேலை. பதினெட்டாம் தேதி அவள் பேர் அந்தச் சுவரில் வரக் கூடாது. யாரும் அதைப் படித்துவிட்டு "யாரு சார் சுண்டெலி?" என்று சிரிக்கக் கூடாது. அதற்காகவாவது மாற்றிவிடு. கைகூப்பிக் கேட்கிறேன்.

உன்
தங்கை

ஜூலை 13

அன்புள்ள தங்கைக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நீயும் இரு.

காலண்டர் விஷயம் எனக்குத் தெரியாது. அம்மா ஆணியில் எதையாவது மாட்டுவதும் கழற்றுவதுமாகவே இருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். தெரிந்திருந்தால் இன்னும் நாலு தடவை வந்திருப்பேன்.

இப்போது என் பின்பாதியைச் சொல்கிறேன். பதினைந்து.

இங்கே வந்த வருடம் ஏழு போட்டேன், அவள் இருந்திருந்தால் அந்த வயதுதான். அடுத்த வருடம் மாற்றச் சொன்னபோது என்ன போடுவது என்று தெரியாமல் எட்டு என்றேன். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி காலையில் வந்து எண்ணை ஒன்று கூட்டுவேன். அதுதான் அவளுக்கு நான் கொண்டாடும் பிறந்தநாள். பல் விழும் வயது, சைக்கிள் ஓட்டும் வயது, என்னோடு சண்டை போடும் வயது என்று ஒவ்வொன்றும் தாண்டிப் போனது. ஒற்றை எண்ணாக இருந்தது இரண்டு எண்ணானபோது எடைமேடைக்காரருக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று அவருக்குத் தெரியாது.

மார்ச் மாதத்தில் மாற்று என்று நீ எழுதினாய். என்ன போடுவேன்? பதினாறு என்று போட முடியாது. பிறந்தநாளுக்கு முன்னால் பிள்ளைக்கு வயதை ஏற்றலாமா? இதைத்தான் உனக்கு எழுத முடியாமல் தேதி மட்டும் போட்டுக்கொண்டிருந்தேன். படித்தவளுக்கு இதைக் காரணம் என்று எப்படி எழுதுவது?

இன்று மாற்றிவிட்டேன். நீ சொன்னபடி நீளமாக ஒரு வாக்கியம். அதில் எண் கிடையாது. முதலில் இரண்டு தடவை தப்பாக அடித்தேன், மூன்றாவதில் எடுத்துக்கொண்டது. பழைய வரி அழிந்ததா என்று பார்த்துச் சொல்.

கதவு திறந்தது. ஆனால் இன்றைக்கு அவளைக் கூப்பிடாமல் வேலையை ஆரம்பித்தாற்போல் ஒரு குறை.

அண்ணன்

ஜூலை 20

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம்தான். சோதனை முடிந்தது. சுவரில் பதினொரு பேருடைய சொற்கள் வந்தன, இதற்குப் பிறகும் மாற்றாத மகானுபாவர்கள். அவள் இல்லை. உன் பழைய வரி அழிந்துவிட்டது. பார்த்தேன். உன் கடிதம் வந்த அன்றே என்னுடையதையும் மாற்றிவிட்டேன். அடுக்கிப் பார்த்தால் இப்போது நீ எங்கேயோ இருக்கிறாய், நான் எங்கேயோ இருக்கிறேன்.

உன் எண்ணைப் படித்த பிறகு இரண்டு நாள் எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. எனக்கு அவள் ஆறிலேயே நின்றுபோனாள், அண்ணா. அதே கவுன், அதே பிஸ்கட் டப்பா. நீ மட்டும் அங்கே அந்தக் குளிரில் தனியாக அவளைப் பதினைந்து வரைக்கும் வளர்த்திருக்கிறாய். அத்தனை வருடத்தில் ஒரு வருடத்தையாவது என்னிடம் கொடுத்திருக்கலாமே என்று பொறாமையாக இருக்கிறது. என்ன அர்த்தத்தில் சொல்கிறேன் என்று உனக்குப் புரியும்.

நான் கொண்டுவந்த புதிய முறை நல்ல முறை. ஆளுக்கு ஆள் உப்பு வேறு. நாளைக்கு நீயும் நானும் ஒரே வாக்கியத்தை வைத்தாலும் இரண்டு வரிக்கும் சம்பந்தமே இருக்காது. கம்பெனிக்கு நல்லது. ஆனால் பழைய ஓட்டைப் பூட்டு ஒன்றுதான் இத்தனை நாள் உன்னைப் பற்றி எனக்கு ஒன்றைச் சொன்னது. அதை நானே அடைத்துவிட்டேன். இனிமேல் உன் மனதில் என்ன இருக்கிறது என்று எந்தத் திரையிலும் எனக்குத் தெரியாது. நீயாகச் சொன்னால்தான் உண்டு.

ஆகஸ்ட் ஒன்பது ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அன்று நான் வீட்டில்தான் இருப்பேன்.

தங்கை

ஆகஸ்ட் 9

அன்புள்ள தங்கைக்கு,

நலம். குளிர் அறையில் ஒரு மோட்டார் கெட்டுப்போய், ஞாயிறானாலும் வரவேண்டியதாகிவிட்டது. காலையில் வந்ததும் பழக்கதோஷத்தில் விரல் பழைய சொல்லுக்கே போனது. பிறகு நினைவு வந்து வாக்கியத்தை அடித்தேன். கூட்டுவதற்கு எண் இல்லாமல் கை சும்மா நின்றது.

தேநீர் நேரத்தில் எடைமேடைக்காரரிடம், "இன்னிக்கு என் பொண்ணுக்குப் பொறந்தநாள்" என்றேன். அவர் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டார். "உங்களுக்குப் பொண்ணு இருக்கா சார்? என்ன வயசு?" என்று கேட்டார். பதினாறு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"இருந்திருந்தா பதினாறு" என்று வந்தது.

இத்தனை வருடம் எண்ணைக் கூட்டிக்கொண்டே வந்தேனே, அதில் எங்கேயும் நான் அடிக்காத சொல் அதுதான். சொன்ன பிறகு மீன் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். "பேரென்ன சார்?" என்றார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஏன் அந்தப் பேர் என்று கேட்டார். பிஸ்கட் கதையைச் சொன்னேன். அப்போதுதான் சிரித்தார், நானும் சிரித்தேன்.

வருகிற வாரத்துக்கு லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். வியாழக்கிழமை காலை வந்துவிடுவேன். காலண்டரை மாட்டாதே. அந்த டப்பா உன்னிடம் இருந்தால் வெளியே எடுத்து வை. குழாயை நான் வந்து பார்க்கிறேன்.

அண்ணன்